முக்கால் பங்கு காற்று

எதை மாட்டப் போகிறீர்கள் என்று
கடைக்கார ஐலா கேட்கவில்லை.
எந்தச் சுவரில் என்றுதான் கேட்டாள்.

கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தேன்.
துளை போட்டபோது உதிர்ந்த தூள்:
சாம்பல் நிறம், உற்றுப் பார்த்தால் கொஞ்சம் நீலம்.
விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள்.
மணல் என்றால் உறுத்தும். இது மாவாய் வழுக்கியது.
"நுரைக் கல்" என்றாள். "அறுபதுகளில் கட்டிய வீடா?"
அறுபத்தாறு.

ரொட்டி மாதிரி பொங்க வைத்து
கம்பியால் அறுத்து
நீராவியில் வேகவைத்த கல்லாம்.
முக்கால் பங்கு காற்று.
முப்பத்தோரு வருடம் அதற்குள் குடியிருந்துவிட்டு
ஒரு துண்டுக் கொக்கி விழுந்த அன்றுதான்
எனக்குத் தெரிந்தது.
ஈரத் துண்டின் கனம் அதற்கு.
பால்பல் போல
வலிக்காமல் கையோடு வந்துவிட்டது.

இப்போது மாட்ட வேண்டியது துண்டு அல்ல.
ஹெல்கெ.
நவம்பரில் இடப்பக்கம் விழுந்துபோனது.
கழிவறையில் வலக்கைக்கு ஒரு பிடி வேண்டும்.
நகராட்சி ஆள் வர ஆறு வாரம்.
ஓரெப்ரூவில் அதுவரை யாரும்
கழிவறை போகாமல் இருக்க முடியாது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்.
என் சித்திரம் தொண்ணூற்றிரண்டு கிலோ.

ஐலா மேசைமேல் ஒரு சாதாரணச் செருகியை வைத்தாள்.
"திருக திருக இது விரியும்.
கெட்டிக் கல் என்றால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.
உங்கள் சுவர் நொறுங்கும்.
சத்தம்கூடப் போடாது."

இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று
டிசம்பர் முழுக்க
ஒரு இடது கையிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.
ஒன்றும் சொல்லாமல்
அடுத்ததைக் காட்டச் சொன்னேன்.

வெள்ளை நைலான், உடம்பெல்லாம் திருகு வரி.
கண்ணாடிக்கு நல்லது, அலமாரிக்கும் போதும்.
"ஆளுக்கு?"
"அலமாரி சும்மா தொங்கும். ஆள் இழுப்பார்."

கடைசியில் பசை.
இரண்டு குழாய், ஒரு மூக்கு.
துளை குடம் போல இருக்க வேண்டும்,
வாய் சிறுத்து வயிறு பெருத்து.
உள்ளே போன பசை அங்கேயே கல்லாகிவிட்டால்
வந்த வழியே திரும்ப முடியாது.
அதிரடியை அணைத்துவிட்டுத் துளையிடு,
தூளை ஊதி எடு,
முதலில் வரும் பசையைத் தூக்கி எறி,
நிறம் ஒன்றாகும்வரை.
பிறகு காத்திரு.
சுவர் குளிர்ந்திருந்தால் இன்னும் காத்திரு.

பிப்ரவரி. வெளிச்சுவர்.
பெட்டியில் போட்டிருந்த நேரத்துக்கு
இரு மடங்கு காத்திருந்தேன்.
முகமூடிக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது.

முதலில் நானே தொங்கிப் பார்த்தேன்.
காலைச் சுவரில் ஊன்றி
பாய்மரப் படகுக்காரி போல பின்னால் சாய்ந்து.
அறுபத்தொரு கிலோ.
போதாதென்று குதித்து இழுத்தேன்.
கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியில்
ஹெல்கெ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து,
"என்ன?"
"காற்று" என்றேன்.
சிரிக்கத் தெரிந்த பாதி முகம் சிரித்தது.

பிறகு பிடித்தார்.
அவர் கனம் என் தோளைவிட்டுச் சுவருக்குப் போனதை
கழுத்தில் உணர்ந்தேன்.
ஒரு துகள் உதிரவில்லை.
நின்றார். கம்பியைப் பார்த்தார்.
இரண்டு விரலை நிமிர்த்தி
மேலே காட்டினார்.
இரண்டு சென்டிமீட்டர் தாழ்வாம்.

இனி அதைக் கழற்ற முடியாது.
சொன்னேன்.

கொக்கி விழுந்த ஓட்டையை
இன்னும் அடைக்கவில்லை.
ஈரத் துண்டு இப்போது கம்பிமேல் கிடக்கிறது.
அவர் எழும் ஒவ்வொரு முறையும்
நான் எடுத்து, திரும்பப் போடுகிறேன்.